பைபர் ஒட்டும் முன்

ராதாபுரம் வட்டாரத்தில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வைகாசிக் கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் கச்சான், புரட்டாசி வரை பனைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருக்கும். காவல்கிணறு, பணகுடி, கூடங்குளம் என்று எந்தச் சாலையில் போனாலும் காற்றாலைகள். ஆனால் தெற்கே இறங்கிக் கடற்கரையில் நின்று பாருங்கள். கூட்டப்புளியில் தொடங்கி பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூட்டப்பனை, கூடுதாழை வரை சுமார் 50 கிலோமீட்டர் நீளும் நெல்லைக் கரையில் பாய் விரித்து ஓடும் வள்ளத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. எங்கும் பைபர் படகு. பின்தலையில் அவுட்போர்டு மோட்டார்.

நான் மீனவர் வீட்டில் பிறந்து வாத்தியாரானவன். இடிந்தகரையில் என் தாய்மாமாவின் வள்ளம் ஒன்று வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகைக்குள் பல வருடமாகக் கிடந்தது. பெரியதாழைப் பக்கம் கட்டிய பலகை வள்ளம். 18 அடி நீளம், அயினிப் பலகை, இரும்பாணி. மாமா காலமான பிறகு அவர் மகன், "கொட்டகைய அடைச்சிக்கிட்டுக் கெடக்கு அத்தான், விறகுக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டான். பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்த எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. மாமா பாய் இறக்கிக் கரை பிடிப்பதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வள்ளத்தை மறுபடி ஓட வைப்பது என்று முடிவு செய்தேன்.

நம் கரையில் இப்படிக் கிடக்கும் பழைய வள்ளங்கள் இன்னும் கொஞ்சம் உண்டு. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால், பழைய வள்ளத்தைப் பார்த்த மறுநிமிடமே எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "மேல பைபர் ஒட்டிரு."

எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பைபர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வந்து வள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு லேயர் மேட் போட்டுருவோம் சார், பொட்டுத் தண்ணி வராது" என்றார். அவர் நல்ல வேலைக்காரர். அவர் கட்டிய படகுகள் கடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் வள்ளம் கட்டிப் பழகிய ஓடாவி ஒருவரையும் கூட்டிவந்து காட்டினேன். எழுபது வயதைத் தாண்டிய அவர் அணியத்தின், அதாவது முன்தலையின், உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "வாத்தியாரே, ஈரத்த உள்ள வச்சிப் பூட்டிராதீரும்" என்றார். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்வதற்குள் இந்த வேலையின் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

பலகை வள்ளம் எப்படித் தண்ணீர் புகாமல் இருக்கிறது? மரப்பலகை நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலவாக்கில் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வள்ளம் கடலில் இறங்கியதும் பலகைகள் ஊறி ஒன்றையொன்று நெருக்குகின்றன. இடையில் அடித்து வைத்த பஞ்சு இறுகுகிறது. அதாவது, அந்த வள்ளத்தைக் காப்பதே மரத்தின் அசைவுதான். பைபரோ அசையாது. அசையும் பலகைகள் மீது அசையாத தோலைப் போர்த்தினால், ஒவ்வொரு பலகை இடுக்கின் மேலேயும் அந்தத் தோல் இழுபடும். ஒருநாள் மயிரிழை அளவு வெடிப்பு விழும். அதன் வழியாகப் புகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. வெளியே பளபளப்பாக நீலப் பெயின்ட், உள்ளே மாவாகிப்போன மரம். கரைகளில் பைபர் உரிந்து தொங்கும் பழைய வள்ளங்களைத் தட்டிப் பாருங்கள், தெரியும்.

இதில் ரசாயனமும் இருக்கிறது. படகுப் பட்டறைகளில் பெரும்பாலும் புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். பைபரின் கண்ணாடி இழைகளை அது ஒன்றோடொன்று அருமையாகப் பிணைக்கும். மரத்தோடு அவ்வளவு நம்பகமாகப் பிடிக்காது. ஈர மரத்தில் இன்னும் மோசம். எப்பாக்ஸி மரத்தை நன்றாகப் பற்றும், விலை கூடுதல். அதற்கும் மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 15 சதவீதத்துக்குள் வந்த பிறகு ஒட்டுவதே பாதுகாப்பு. மரத்தில் இரண்டு ஊசியைக் குத்தி ஈரம் காட்டும் சின்னக் கருவி இப்போது கிடைக்கிறது. பழைய படகில் கை வைக்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

மரத்தை உளுக்க வைப்பது கடல்தண்ணீர் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அதற்குப் பிடித்தது மழைத்தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்று, காற்றோட்டமும் இல்லாவிட்டால் அது வேலையைத் தொடங்கிவிடும். கடலில் இருக்கும் ஆபத்து வேறு: கப்பல்புழு. அது உப்புத்தண்ணீரில் மரத்துக்குள் துளையிட்டு வாழும் சிப்பி இனம். தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுகளை அது சல்லடையாக்கும். நம் ஊர் வள்ளங்கள் தினமும் மணலில் ஏறிக் காய்வதால் அந்தத் தொல்லை குறைவு. ஆக, மாமாவின் வள்ளம் கடலில் உழைத்த காலமெல்லாம் நன்றாக இருந்துவிட்டு, கொட்டகையில் ஓய்வெடுத்த காலத்தில்தான் கெட்டது. கூரை ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே, அணியத்தின் மூட்டில், ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கியது. ஏரா என்னும் அடிமரத்தின் மீது மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று பேசும். கெட்ட இடம் மொத்தென்று அடங்கும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். பள்ளிக்கூடத்து வேலை என்னை விடவில்லை.

காய வைப்பதிலும் இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கச்சான் ஈரத்தை உறிஞ்சுகிற வேகத்தில் பலகை வாய்பிளந்துவிடும். அதனால் மேற்குப் பக்கம் ஓலைத்தட்டி கட்டி, அதில் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, நிழலிலேயே மெதுவாகக் காயவிட்டோம். ஓடாவி அடிக்கடி வந்து எச்சரித்தது, முழுக்கவும் காய்ந்துவிடக் கூடாது என்று. எலும்பாகக் காய்ந்த பலகைகளுக்கு நடுவில் பஞ்சை இறுக்கி அடித்தால், கடலில் ஊறும்போது பலகைகளுக்கு விரிய இடமிருக்காது. உள்ளே இருக்கும் வங்குகளை உடைத்துவிடும். வங்கு என்பது வள்ளத்தின் விலாச்சட்டம். பைபருக்கு வேண்டிய காய்ச்சல் வேறு, இடுக்கில் பஞ்சடைக்கும் கலப்பத்துக்கு வேண்டிய காய்ச்சல் வேறு. எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டியது இதனால்தான். நான் மரத்தை மரமாகவே வைத்துக்கொள்ளும் வழியை எடுத்தேன்.

இரும்பாணிகள் எல்லாம் போக வேண்டியிருந்தது. துருப்பிடிக்கும் இரும்பு பருமனாகி மரத்தைப் பிளக்கும்; சுற்றியுள்ள மரத்தையும் கருக்க வைத்து இளக்கிவிடும். எவர்சில்வர் ஆணி போடலாமே என்று கேட்பீர்கள். அதிலும் 304 ரகம் கடல் உப்புக்குத் தாங்காது. மாலிப்டினம் கலந்த 316 தேவை. அதுகூடக் காற்றுப் புகாத ஈர மரத்துக்குள் புதைந்து கிடந்தால் அரிக்கப்படும். செம்பு ஆணியை அடித்து, உள்பக்கம் செம்பு வாசர் வைத்து முனையைத் தட்டி மடக்குவதுதான் பழைய முறை. செலவு கூடுதல்தான், ஆனால் இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

வங்கு மாற்றும்போது ஒரு கட்டாய விதி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கழற்ற வேண்டும்; புதியதைப் பொருத்திய பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் வள்ளம் தன் வளைவை மறந்துவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. புதிய வங்குகளுக்கு இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கருவேலங் கிளைகளைத் திசையன்விளைப் பக்கத்து விறகுக்கடைகளில் தேடிப் பொறுக்கினோம். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டுப் பலம் போய்விடும். வளைந்த கிளையில் நாரும் கூடவே வளைந்து ஓடுகிறது. கெட்ட பலகையை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு சேர்க்கும் இடத்தில் இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். பலகையின் கனத்தைப்போல எட்டு மடங்காவது அந்தச் சரிவின் நீளம் இருக்க வேண்டும்; பன்னிரண்டு மடங்கு என்றால் இன்னும் நல்லது. அங்கே மட்டும் எப்பாக்ஸி பயன்படுத்தினேன். புதிய பொருள்மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை, அது சேர வேண்டிய இடத்தில் சேரட்டும்.

கலப்பத்து வேலையை ஓடாவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தார். பருத்திப் பஞ்சைத் திரித்து, மழுங்கிய உளி வைத்து, மரச்சுத்தியலால் இடுக்கில் ஒரே சீராக அடித்துப் போக வேண்டும். பிறகு குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் பூச வேண்டும். "கைக்குக் கேக்கணும் வாத்தியாரே" என்பார். பஞ்சு போதுமான அளவு இறுகியதும் சுத்தியலின் சத்தம் மாறும். அதற்கு மேல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது.

இந்த எளிய வேலை உலகத்தின் பெரிய கடல் பயணம் ஒன்றையே காப்பாற்றியிருக்கிறது. 1968இல் ஆங்கிலேயர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்ற 'சுஹைலி' என்ற 32 அடிப் பாய்ப்படகில் கிளம்பினார். அது பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. அட்லாண்டிக் நடுவில் அடிப்பகுதி இடுக்கு விலகித் தண்ணீர் கொட்டியது. அவர் கடலில் முங்கி, படகின் வயிற்றுக்குக் கீழே பஞ்சு அடித்து, அதன்மேல் செம்புத் தகடு வைத்து ஆணியடித்தார். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று, அப்படி உலகைச் சுற்றிய முதல் மனிதராகக் கரை சேர்ந்தார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. அந்தப் படகை இங்கிலாந்தில் கிரீனிச் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அங்கே வறண்ட காற்றில் பலகைகள் சுருங்கத் தொடங்கின. பெருங்கடல்களைத் தாங்கிய மரம் கண்காட்சியைத் தாங்கவில்லை. அவரே அதை வெளியே எடுத்து, வயதான காலத்தில் தன் கையால் ஆணி மாற்றிச் செப்பனிட்டு மறுபடி கடலில் இறக்கினார். மாமாவின் கொட்டகை ஈரத்தால் கெடுத்தது, கிரீனிச் வறட்சியால் கெடுத்தது. மரப்படகுக்குக் கடலும் கரையும் மாறி மாறி வேண்டும்.

அப்படியானால் பைபரே கூடாதா? கூடும். ஒட்டுப்பலகையில், அதாவது பிளைவுட்டில் கட்டிய படகுக்கு அது மிகப் பொருத்தம். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது அசைவதில்லை; பைபரும் அதுவும் ஒத்துப்போகும். இந்த வித்தைக்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. குமரி மாவட்டம் முட்டத்தில் பொறியாளர் பியர் ஜில்லேயும் உள்ளூர் தொழிலாளர்களும், அலையில் இறங்கி மணலில் ஏறக்கூடிய பிளைவுட் வள்ளத்தைப் பல தோல்விகளுக்குப் பிறகு உருவாக்கினார்கள். அந்த அனுபவத்தை அவர் 1985இல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்ற நூலாக எழுதினார். தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பின் படகு கட்டும் தளங்கள் அந்த வள்ளத்தைப் பரவலாக்கின. பலகையின் விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் ரெசினும் கண்ணாடி இழையும் ஒட்டுவது அதன் முறை. 1962இல் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகையின் ஆதரவில் வடிவமைத்த 'மிரர்' என்ற சின்னப் பாய்ப்படகும் இதே தையல்தான். சாதாரண மக்கள் தங்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளட்டும் என்று வந்த அந்தப் படகு 70,000க்கு மேல் கட்டப்பட்டது. பலகையைத் தைப்பது நமக்குப் புதிதா என்ன? துறைமுகம் வருமுன் சென்னைக் கரையில் அலையைத் தாண்டிய மசூலாப் படகுகள் கயிற்றால் தைத்தவைதானே.

பிளைவுட் படகைச் செப்பனிடுகிறவர்கள் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே வாங்க வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் கலக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பட்டறைத் தம்பிகளுக்கும் வாங்கிக் கொடுங்கள்.

இனி பாய். எனக்கு ரொம்பப் பிரியமான பகுதி இது.

மாமா கடைசியாகக் கட்டியிருந்தது உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த பாய். வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் பொடிந்து உதிர்ந்திருந்தது. சாக்குப் பாய் காற்றுக்குத் தொந்தியாக உப்பும். பின்காற்றில் தள்ளும், அவ்வளவுதான். பக்கக் காற்றில் ஓட வேண்டுமானால் பாய்க்குச் சரியான வளைவு வேண்டும். காற்று அந்த வளைவின் வெளிப்பக்கம் விரைந்தோடும்போது அங்கே அழுத்தம் குறைந்து பாயை முன்னோக்கி இழுக்கிறது. விமான இறக்கையைத் தூக்குவதும் அதே விசைதான். இந்த இழுப்பில் வள்ளம் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் இறங்கிய பலகை ஒன்று தேவை. கழற்றி மாட்டக்கூடிய பக்கப் பலகையைப் புதிதாகச் சேர்த்தேன். அலையில் கரையேறும்போது அதைத் தூக்கிவிடலாம்.

பாய்த்துணியாகக் கெட்டி பாலியெஸ்டர் வாங்கி, வள்ளியூரில் தார்ப்பாய் தைக்கும் கடையில் உட்கார்ந்து தைக்க வைத்தேன். துணிப்பட்டைகளின் விளிம்பை நேராக வெட்டாமல் லேசாக வளைத்து வெட்டிச் சேர்த்தால்தான் பாய்க்கு வயிறு வரும். அந்த வயிற்றின் ஆழம் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கலாம். நேர்த் தையல் காற்றில் இழுபட்டு அறும், கோணல்மாணலாகப் போகும் ஜிக்ஜாக் தையல் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிற்கும். நூலும் வெயில் தாங்கும் பாலியெஸ்டராக இருக்க வேண்டும்.

புதுமாதிரி முக்கோணப் பாய்க்கு மாற்றச் சொன்னவர்கள் உண்டு. நான் பருமல் என்னும் குறுக்குக் கம்போடு கூடிய பழைய பாயையே வைத்துக்கொண்டேன். பாய்மரம் குட்டை, நாலா பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டியதில்லை. பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானைத் தளர்த்தினால் மூங்கில் பருமல் பாயோடு சடாரென்று இறங்கிவிடும். அலை உடையும் கரையில் இறங்குகிறவனுக்கு இந்த வேகம் உயிர் காக்கும். நான் சேர்த்தது ஒன்றுதான்: காற்று கடுக்கும்போது பாயின் அடிப்பகுதியைச் சுருட்டிக் கட்ட ஒரு வரிசைக் கயிறுகள். பழைய தென்னங்கயிற்றுக்குப் பதில் பாலியெஸ்டர் கயிறு. பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் தாமானுக்கு மட்டும் கைக்கு உறுத்தாத பருமனான கயிறாகப் பார்த்து வாங்கினேன். காற்று முழுவதையும் கையில் பிடித்திருப்பது அந்தக் கயிறுதான். இந்தப் பாய்வித்தையோடு வாழ்ந்த மனிதர்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் தூத்துக்குடித் தோணிக்காரர்களைப் பற்றி எழுதிய 'கொற்கை' நாவலைத் தேடிப் படிக்கலாம். 2013இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நூல் அது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் செய்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்கள் பிழைத்து வந்தார்கள். எனவே நான் செய்த மேம்பாடுகளில் முதலிடம் மிதவைக்கு. உள்ளே தண்ணீர் நிரம்பினாலும் வள்ளம் மூழ்கக் கூடாது. கணக்கு எளிது: அடைத்த ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும், காலியான 20 லிட்டர் கேன் கிட்டத்தட்ட 20 கிலோவை. மரம் தானே மிதக்கும். மோட்டாரையும் ஆட்களையும் தாங்கத்தான் கூடுதல் மிதவை. அணியத்திலும் பின்தலையிலும் பலகைக்கு அடியில் நீர் உறிஞ்சாத ஃபோம் வைத்துக் கட்டினேன். தெர்மோகோல் வேண்டாம், பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் மாமா மகனான மச்சானோடு எனக்கு இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. நான் விடுவதாக இல்லை.

கடலில் இறக்கிய முதல் நாள் தண்ணீர் கசிந்தது. கூடி நின்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஓடாவி மட்டும் அசையவில்லை. "ஊறட்டும்" என்றார். பலகைகள் ஊறி நெருக்கியதும் கசிவு தானே நின்றது. இப்போது மச்சான் சின்ன மோட்டாரையும் வைத்துக்கொண்டு, பிற்பகல் கடற்காற்று ஏறியதும் பாய் விரித்துத் திரும்புகிறான். திரும்பும் வழிக்கு எண்ணெய்ச் செலவு இல்லை. அக்கம்பக்கத்துப் பையன்கள் தாமான் பிடிக்கக் கேட்டு வருகிறார்கள். ஓடாவியிடம் உளி பிடிக்கத்தான் இன்னும் யாரும் வரவில்லை. வந்தால் சொல்லித்தர அவர் தயாராக இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வள்ளம் கிடந்தால், ஐப்பசி மழைக்கு முன் கொட்டகைக் கூரையைப் பாருங்கள். வள்ளத்தைக் கல்லின் மேல் ஏற்றி, அடியில் காற்றோட விடுங்கள். அணியம் சற்று உயர்ந்திருக்கட்டும், பின்தலையில் உள்ள துவாரத்து அடைப்பைப் பிடுங்கிவிடுங்கள். விழுகிற மழை அன்றைக்கே வடிந்துவிடும்.